அங்குலம் ஒரு கணக்கு, பிக்சல் ஒரு கணக்கு: கணினித் திரை குறித்த வாசகர் கேள்விகள்

கணினித் திரையின் அளவைப் பற்றியும், வாங்கிய திரையில் எழுத்து சரியாகத் தெரியாததைப் பற்றியும் அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே குழப்பத்திலிருந்து கிளைத்தவை என்பதால் இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அலுவலகத்தில் என் மேசையில் இருந்த 24 அங்குலத் திரையை எடுத்துவிட்டு 27 அங்குலத் திரை தந்திருக்கிறார்கள். இரண்டிலும் 1920×1080 என்றே குறிப்பிட்டிருக்கிறது. திரை பெரிதாகியும் எக்செல் தாளில் முன்பு தெரிந்த அதே எண்ணிக்கையிலான வரிசைகள்தாம் தெரிகின்றன. எழுத்துகளின் ஓரமும் சற்றுச் சொரசொரப்பாக இருக்கிறது. குறை திரையிலா, என் கண்ணிலா?

பதில்: இரண்டிலும் இல்லை. அங்குலம் என்பது திரையை மூலைக்கு மூலை அளந்த நீளம். பரப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. 1920×1080 என்பதோ, அந்தப் பரப்பில் இடமிருந்து வலமாக 1920 பிக்சல்களும் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகளும்) மேலிருந்து கீழாக 1080 பிக்சல்களும், ஆக மொத்தம் 20,73,600 பிக்சல்கள் உள்ளன என்னும் எண்ணிக்கை. உங்கள் பழைய திரையிலும் புதிய திரையிலும் இருப்பவை அதே 20,73,600 பிக்சல்கள்தாம். எக்செல் தாளின் ஒரு வரிசை இயல்பாக 20 பிக்சல் உயரம் எடுத்துக்கொள்கிறது. திரையை எவ்வளவு பெரிதாக்கினாலும் 1080 பிக்சலுக்குள் அடங்கக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கை மாறாது.

மாறியது ஒவ்வொரு பிக்சலின் உருவம். 24 அங்குலத் திரையில் ஒரு பிக்சலின் பக்கம் 0.277 மில்லிமீட்டர்; 27 அங்குலத் திரையில் அதுவே 0.311 மில்லிமீட்டர். அதே எழுத்தை, அதே எண்ணிக்கையுள்ள, ஆனால் பருத்த பிக்சல்களால் வரைகிறபோது வளைவுகளின் விளிம்பில் படிக்கட்டு தெரியத் தொடங்குகிறது. நீங்கள் சொரசொரப்பு என்று எழுதியிருப்பது அதைத்தான்.

இந்த இரண்டு கணக்கையும் இணைக்கும் மூன்றாவது எண் ஒன்று உண்டு; விற்பனைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அது இடம்பெறுவது அபூர்வம். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை பிக்சல்கள் நிற்கின்றன என்னும் அந்த அடர்த்தியைப் பிபிஐ என்பார்கள். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே இதற்குப் போதும்: 1920-இன் வர்க்கத்தையும் 1080-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் ஏறக்குறைய 2203 வரும், அது மூலைக்கு மூலை உள்ள பிக்சல் எண்ணிக்கை. அதை 24-ஆல் வகுத்தால் 92, 27-ஆல் வகுத்தால் 82. உங்கள் புதிய திரை பெரியது, ஆனால் அடர்த்தி குறைந்தது.

தமிழில் ரெசல்யூஷனைத் தெளிவுத்திறன் என்று எழுதிப் பழகிவிட்டோம். குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்தச் சொல்லே என்பது என் எண்ணம். தெளிவுத்திறன் ஒன்றாக இருந்தால் தெளிவும் ஒன்றாக இருக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? உண்மையில் 1920×1080 என்பது வெறும் எண்ணிக்கை. அது 14 அங்குல லேப்டாப்பிலும் இருக்கலாம், 55 அங்குலத் தொலைக்காட்சியிலும் இருக்கலாம். தெளிவு பிறப்பது அடர்த்தியிலும், அந்தத் திரையை எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறோம் என்பதிலும்தான். ஆகவே இந்தப் பகுதி முழுவதும் பிக்சல் எண்ணிக்கை என்றே எழுதப்போகிறேன்.

27 அங்குலத்துக்குப் பொருத்தமான எண்ணிக்கை 2560×1440. அதில் அடர்த்தி 109 ஆகிறது, எக்செல் வரிசைகளும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரியும். அதே 2560×1440-ஐ 32 அங்குலத்தில் வைத்தால் அடர்த்தி மீண்டும் 92-க்கு இறங்கிவிடும். அதாவது உங்கள் பழைய 24 அங்குலத் திரையின் அதே தெளிவு, ஆனால் ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதல் பரப்பு. திரையை மாற்றித் தர மாட்டார்கள் என்றால், அதை மேசையில் நான்கு விரற்கடை பின்னால் தள்ளி வையுங்கள். 60 சென்டிமீட்டர் தூரத்தில் பார்த்த 24 அங்குலத் திரைக்கு நிகராக 27 அங்குலத் திரை தெரிய வேண்டுமானால் 67 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருந்தால் போதும். பழைய தெளிவு அப்படியே திரும்பும்.

கேள்வி: என்னுடைய 19 அங்குலச் சதுரத் திரை பழுதானதால் 18.5 அங்குல அகலத்திரை வாங்கினேன். அரை அங்குலம்தானே குறைவு என்று எண்ணினேன். ஆனால் கடிதம் தட்டச்சு செய்யும்போது பக்கத்தின் பாதிதான் தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: அளவு முறையால் ஏமாந்திருக்கிறீர்கள். மூலைக்கு மூலை அளப்பது ஒரே வடிவமுள்ள திரைகளை ஒப்பிட மட்டுமே உதவும். 19 அங்குலச் ‘சதுர’த் திரை உண்மையில் 5:4 விகிதத்தில் இருந்தது, அகலம் 14.8 அங்குலம், உயரம் 11.9 அங்குலம். 16:9 விகிதத்திலுள்ள 18.5 அங்குலத் திரையின் அகலம் 16.1, உயரம் 9.1 அங்குலம் மட்டுமே. மூலைவிட்டத்தில் அரை அங்குலம் குறைய, உயரத்தில் கிட்டத்தட்ட மூன்று அங்குலம் போய்விட்டது. பரப்பில் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. பிக்சல்களைப் பார்த்தாலும் அதே கதைதான்: பழைய திரை வழக்கமாக 1280×1024, இந்த வகைப் புதிய திரைகள் பெரும்பாலும் 1366×768. மேலிருந்து கீழாக 1024 வரிகள் இருந்த இடத்தில் இப்போது 768 வரிகள்.

ஒரு செவ்வகம் எவ்வளவுக்கு எவ்வளவு நீண்டு ஒடுங்குகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு, அதே மூலைவிட்டத்துக்கு அதன் பரப்பு குறையும். எழுத்து வேலை செய்வோருக்கு உயரமே முதன்மையானது. 16:10 விகிதத்தில் 1920×1200 கொண்ட 24 அங்குலத் திரைகள் அதனால்தான் இன்றும் விரும்பி வாங்கப்படுகின்றன; 3:2 விகித லேப்டாப்புகளும் அந்தத் தேவைக்காக வந்தவையே. புதிய திரையின் தாங்கி அனுமதித்தால் அதை நெட்டுக்குத்தாகத் திருப்பி, விண்டோஸ் அமைப்பில் படத்தின் திசையையும் மாற்றிப் பாருங்கள். கடிதத்துக்கு அந்த நிலை மிகப் பொருந்தும். 768 பிக்சல் அகலத்தில் இணையப் பக்கங்கள் மட்டும் சற்று நெருக்கமாகத் தெரியும்.

கேள்வி: என் தந்தைக்காக 15.6 அங்குல லேப்டாப் வாங்கினோம், 1920×1080. எழுத்து பொடியாக இருக்கிறது என்று அவர் சொன்னதால் அமைப்புகளுக்குச் சென்று 1366×768 என்று மாற்றிக் கொடுத்தேன். எழுத்து பெரிதானது; ஆனால் எல்லாம் பனி மூட்டத்துக்குள் இருப்பதுபோல் மங்கிவிட்டது. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். நோக்கம் சரி, கை வைத்த இடம்தான் தவறு. இந்த ஒரு தவறு என் கண்ணில் பட்ட அளவுக்கு வேறெதுவும் பட்டதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எல்சிடி திரையில் பிக்சல்கள் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டவை. அவற்றைக் கூட்டவோ குறைக்கவோ யாராலும் இயலாது. நீங்கள் 1366×768 என்று மாற்றியபோது பிக்சல்கள் குறையவில்லை. கணினி சிறிய படம் ஒன்றை வரைந்தது. அந்தப் படம் 1920 பிக்சல் அகலத்துக்கு இழுத்து விரிக்கப்பட்டது. படத்தின் ஒரு பிக்சல் திரையின் 1.4 பிக்சலை நிரப்ப வேண்டும். ஆனால் 0.4 பிக்சல் என்று ஒன்று திரையில் கிடையாது. எனவே பக்கத்துப் பிக்சல்களின் நிறங்களைக் கலந்து சராசரி எடுக்கிறார்கள். கறுப்புக் கோட்டின் இருபுறமும் சாம்பல் படிகிறது. உங்கள் தந்தை காணும் பனி மூட்டம் அந்தச் சாம்பல்தான். ஒளிப்படத்திலும் நிகழ்படத்திலும் இது பெரிதாக உறுத்தாது. மெல்லிய கோடுகளால் ஆன எழுத்தில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். விளையாட்டு வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வோர் உண்டு. அங்கே அது நியாயமான பேரம், வாசிப்புக்கு அல்ல.

பழைய குழாய்த் திரைகளில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் எலெக்ட்ரான் கற்றை ஒன்று திரையை வரி வரியாக வருடிச் சென்றது; 800×600 என்றாலும் 1024×768 என்றாலும் அந்த வருடலின் கணக்கை மாற்றினால் போதும். அந்தக் காலத்தில் எழுத்தைப் பெரிதாக்க எண்ணிக்கையைக் குறைப்பது சரியான வழியாகவே இருந்தது. திரை மாறியும் பழக்கம் மாறவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். எண்ணிக்கையை மறுபடியும் 1920×1080-க்கே கொண்டுவாருங்கள். விண்டோஸில் அதன் அருகில் பரிந்துரைக்கப்பட்டது என்னும் குறிப்பு இருக்கும். பிறகு அதே பக்கத்தில் உள்ள ஸ்கேல் என்னும் அமைப்பை 125 அல்லது 150 விழுக்காடாக்குங்கள். இப்போது கணினி சிறிய படத்தை இழுப்பதில்லை. ஒவ்வொரு எழுத்தையும் தொடக்கத்திலேயே கூடுதல் பிக்சல்களைக் கொண்டு பெரிதாக வரைகிறது. 15.6 அங்குலத்தில் 1920×1080 என்றால் அடர்த்தி 141. 16 பிக்சல் அளவுள்ள எழுத்து அதில் 2.9 மில்லிமீட்டர்தான், மேசைக் கணினியின் 24 அங்குலத் திரையில் அதே எழுத்து 4.4 மில்லிமீட்டர். 150 விழுக்காடு வைத்தால் லேப்டாப்பிலும் 4.3 மில்லிமீட்டர் ஆகிவிடும். திரையில் ஒரே நேரத்தில் அடங்கும் செய்தி குறையும் என்பது மட்டுமே இதற்கான விலை. அந்த விலையை 1366×768-இலும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தீர்கள், மங்கலைக் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு.

கேள்வி: 3840×2160 கொண்ட 27 அங்குல 4கே திரை வாங்கினேன். எல்லாம் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்ததால் 150 விழுக்காடு ஸ்கேலிங் வைத்தேன். அப்படி வைத்தால் 2560×1440 திரையில் தெரியும் அளவுதான் தெரியும் என்கிறார் நண்பர். அப்படியானால் கூடுதல் பிக்சல்களுக்குக் கொடுத்த பணம் வீண்தானே?

பதில்: நண்பர் சொன்ன கணக்கு சரி, அதிலிருந்து நீங்கள் வந்த முடிவு தவறு. திரையில் எவ்வளவு செய்தி அடங்குகிறது என்பது வேறு, அந்தச் செய்தி எவ்வளவு கூர்மையாக வரையப்படுகிறது என்பது வேறு. 150 விழுக்காட்டில் உங்கள் திரையில் அடங்குவது 2560×1440 திரையில் அடங்குவதே. ஆனால் அங்கே 100 பிக்சல்களால் வரையப்படும் ஓர் எழுத்து, உங்கள் திரையில் அதே உருவத்தில் 225 பிக்சல்களால் வரையப்படுகிறது. கூடுதல் பிக்சல்கள் எழுத்தின் வளைவுக்குள் செலவாகியிருக்கின்றன.

எல்லாம் எறும்பாகத் தெரிந்ததற்குக் காரணம் பழையது. 1984-இல் வந்த மேக்கின்டாஷின் திரையில் அங்குலத்துக்கு 72 பிக்சல்கள். அச்சுத் தொழிலின் பாயிண்ட் என்னும் அளவும் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு என்பதால் ஒரு பாயிண்டுக்கு ஒரு பிக்சல் என்று பொருந்தியது. விண்டோஸ் 96 என்னும் எண்ணை எடுத்துக்கொண்டது. இணையப் பக்கங்களில் பிக்சல் என்று எழுதப்படும் அளவுகூட இன்று அங்குலத்தில் 96-இல் ஒரு பங்கு என்றே வரையறுக்கப்பட்டிருக்கிறது. மென்பொருள் எழுதியவர்கள் பல்லாண்டுகளாக ஏறக்குறைய இந்த அடர்த்தியையே மனத்தில் வைத்துப் பொத்தான்களையும் பட்டியல்களையும் அமைத்தார்கள். 163 அடர்த்தியுள்ள உங்கள் திரையில் ஸ்கேலிங் இல்லாமல் அவை சுருங்கித் தெரிவது இயல்பு.

அடர்த்தியான திரையைச் செய்வது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை என்பது இதிலுள்ள வேடிக்கை. 22.2 அங்குலத்தில் 3840×2400 பிக்சல்கள், அதாவது 204 அடர்த்தி கொண்ட திரையை ஐபிஎம் 2001-லேயே வெளியிட்டது. ஆனால் அதில் எழுத்தைப் பெரிதாக்கிக் கூர்மையாக வரைய அன்றைய இயங்குதளங்கள் சரிவரப் பழகியிருக்கவில்லை. அத்தனை பிக்சல்களை நொடிக்கு 60 முறை அனுப்பவல்ல கம்பியும் இல்லை. 2012-இல் ஆப்பிள் 15.4 அங்குல லேப்டாப்பில் 2880×1800 பிக்சல்களைக் கொண்டுவந்தபோது முன்பு ஒரு பிக்சல் இருந்த இடத்தில் நான்கு என்று சரியாக இரட்டித்தது. அரைகுறைப் பெருக்கம் இல்லாததால் பழைய மென்பொருள்களும் பெரிதாகத் தடுமாறவில்லை. பிக்சலைக் கூட்டுவதைவிட அதைப் பயன்படுத்தத் தெரிந்த மென்பொருளைக் கூட்டுவதற்குத்தான் அதிகக் காலம் பிடித்தது.

அந்தத் தடுமாற்றத்தின் எச்சம் உங்கள் திரையிலும் தென்படலாம். புதிய மென்பொருள்கள் அனைத்தும் கூர்மையாக இருக்க, ஏதேனும் ஒரு பழைய மென்பொருள் மட்டும் மங்கித் தெரிந்தால், அதற்கு ஸ்கேலிங் புரியவில்லை, விண்டோஸ் அதன் படத்தை இழுத்துக் காட்டுகிறது என்று பொருள். அந்த நிரலின் பண்புகளில் இணக்கத்தன்மைப் பகுதிக்குள் உயர் டிபிஐ அமைப்பு என்று ஒன்று இருக்கும். அதை மாற்றிப் பார்க்கலாம். எல்லா நிரலுக்கும் அது பலன் தராது.

கேள்வி: அடர்த்தி கூடக்கூடத் தெளிவு கூடும் என்றால் அதற்கு எல்லையே இல்லையா? எந்த எண்ணுக்கு மேல் கொடுக்கும் பணம் கண்ணுக்குத் தெரியாது?

பதில்: இயல்பான பார்வையுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரையுள்ள இடைவெளியைப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவர்கள் கொள்ளும் அளவுகோல். அதைத் திரைக்குப் பொருத்தினால் எளிய கணக்கு ஒன்று கிடைக்கிறது: 8,730 என்னும் எண்ணைத் திரையின் பிபிஐயால் வகுத்தால், பிக்சல்கள் தனித்தனியே தெரியாமல் மறையத் தொடங்கும் தூரம் சென்டிமீட்டரில் வரும். 92 அடர்த்திக்கு 95 சென்டிமீட்டர், 109-க்கு 80, 141-க்கு 62, 163-க்கு 54. மேசைத் திரையைப் பெரும்பாலோர் 60 முதல் 70 சென்டிமீட்டர் தூரத்தில் பார்ப்பதால், 27 அங்குல 4கே திரையில் பிக்சல் மறைந்துவிடுகிறது. 24 அங்குல 1920×1080 திரையில் மறைவதில்லை. லேப்டாப் இன்னும் அருகில், 50 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அங்கே 175 வரை கண் வேறுபாடு காணும்.

இதை இரும்புச் சுவராகக் கொள்ள வேண்டாம். இரண்டு கோடுகள் ஒன்றுக்கொன்று சற்று விலகி நிற்பதைக் கண்டுபிடிப்பதில் கண் இந்த எல்லையைவிடப் பலமடங்கு நுட்பமானது. சாய்கோட்டின் படிக்கட்டு அதனால்தான் எதிர்பார்த்ததைவிடத் தொலைவிலும் உறுத்துகிறது. இளம் வயதினர் பலருடைய பார்வையும் இந்த அளவுகோலைவிடக் கூர்மையானதே. மறுபுறம், கண்ணாடி அணிந்தும் தெளிவாகப் படிக்க இயலாதவருக்கு அடர்த்தியைவிட எழுத்தின் உருவமே உதவும். அவருக்குப் பெரிய திரையை வாங்கித் தருவதே நல்லது.

கேள்வி: புதிய 4கே திரையில் மவுஸ் குறி துள்ளித் துள்ளி நகர்கிறது. 1920×1080-க்கு மாற்றினால் சரியாகிறது. ஏன்?

பதில்: கணினியிலோ கம்பியிலோ எச்டிஎம்ஐ 1.4 என்னும் பழைய இணைப்பு முறை இருக்கக்கூடும், அது 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் கொண்டுசெல்லும். எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2, இரண்டில் ஒன்று இரு முனையிலும் இருந்து, அதற்கேற்ற கம்பியும் இருந்தால் 60 முறை கிடைக்கும். விண்டோஸின் மேம்பட்ட திரை அமைப்பில் இப்போது எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை முறை, ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: நான் தமிழ் நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். ஆங்கிலம் நன்றாகத் தெரியும் அதே திரையில் தமிழ் எழுத்துகள் அடைத்துக்கொண்டு தெரிகின்றன. ணகர, னகர வேறுபாடும் புள்ளியும் அடிக்கடி கண்ணுக்குத் தப்புகின்றன. 22 அங்குல, 1920×1080 திரை. பெரிய திரை வாங்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கும் ஒரு பிழைதிருத்தப் படி நினைவுக்கு வந்தது, ஒரு பத்தி முழுவதும் ‘மனம்’ என்று படித்துக்கொண்டே போனேன், அச்சில் பார்த்தபோது இரண்டு இடங்களில் ‘மணம்’ இருந்தது.

காரணம் எழுத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 11 பாயிண்ட் எழுத்துக்கு, ஸ்கேலிங் இல்லாத விண்டோஸ் திரையில் ஏறக்குறைய 15 பிக்சல் உயரம் கிடைக்கிறது. மேலே புள்ளிக்கும் விலங்குக்கும், கீழே உகர ஊகாரக் கீற்றுகளுக்கும் இடம் விட்ட பிறகு எழுத்தின் உடலுக்கு எஞ்சுவது அதில் பாதியளவே. மூன்று சுழி ணகரத்தை எண்ணிப் பாருங்கள்: கோடு, இடைவெளி, கோடு, இடைவெளி என்று மாறி மாறி வைத்தாலே குறைந்தது ஏழு பிக்சல் அகலம் வேண்டும், சுழி வட்டமாகவும் தெரிய வேண்டும் என்றால் அது போதவே போதாது. இடைவெளிக்கு முழுப் பிக்சல் கிடைக்காதபோது அது சாம்பலாகி, மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒரே கறையாகிவிடுகின்றன. புள்ளியோ ஒன்று அல்லது இரண்டு பிக்சல். அதுவும் மங்கினால் ‘ர்’ ‘ர’வாகத் தெரிவதில் வியப்பில்லை. நேர்க்கோடுகள் மிகுந்த ரோமன் எழுத்துக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை.

விண்டோஸின் கிளியர்டைப் நுட்பம் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் அடுத்தடுத்து நிற்கும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தைக் கூர்மையாக்குகிறது. ஆனால் அந்தப் பட்டைகள் பக்கவாட்டில் நிற்பவை. ஆதலால் ஆதாயமும் பக்கவாட்டில்தான். மேலும் கீழும் வளைந்து திரும்பும் தமிழ்ச் சுழிகளுக்கு அது பாதி மருந்தே.

எனவே 1920×1080-இலேயே பெரிய திரை வாங்குவது உங்களுக்குப் பயன்படாது. கறை பெரிதாகுமே தவிர, சுழி பிரியாது. 24 அல்லது 27 அங்குலத்தில் 3840×2160 திரையை வாங்கி, 27 அங்குலம் என்றால் 150 விழுக்காடும் 24 அங்குலம் என்றால் 175 அல்லது 200 விழுக்காடும் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தொழிலுக்கென்று கூடுதல் பிக்சல்களைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பதாக இருந்தால் அது மெய்ப்புத் தொழிலுக்குத்தான். அதுவரையில், சொற்செயலியில் பக்கத்தை 150 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி வைத்தே படியுங்கள். கூடுதல் பிக்சல்கள் கிடைப்பதால் சுழிகள் பிரிந்து தெரியும், பக்கத்தை அடிக்கடி நகர்த்த வேண்டியிருக்கும்.

கேள்வி: வீட்டில் சும்மா இருக்கும் 32 அங்குலத் தொலைக்காட்சியைக் கணினித் திரையாகப் பயன்படுத்தலாமா?

பதில்: படம் பார்க்கலாம், படிக்க இயலாது. 32 அங்குலத் தொலைக்காட்சிகளில் பல 1366×768 பிக்சல்களே கொண்டவை, அடர்த்தி 49. மூன்று மீட்டர் தூரத்து நாற்காலிக்காகச் செய்த பொருளை 60 சென்டிமீட்டரில் வைத்தால் பிக்சலைக் கண்ணாலேயே எண்ணலாம். 43 அங்குல 4கே தொலைக்காட்சி என்றால் கதை வேறு. அதன் அடர்த்தி 102, மேசை சற்று ஆழமாக இருந்தால் அது நல்ல கணினித் திரையே. அப்போதும் இரண்டு அமைப்புகளைக் கவனியுங்கள். படத்தின் ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கும் ஓவர்ஸ்கேன் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளீட்டைக் கணினி என்று குறிக்கும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் நிறத் தகவலைப் பல பிக்சல்களுக்குப் பொதுவாகச் சுருக்கிவிடும் தொலைக்காட்சிகள் உண்டு, கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து கரைந்தோடுவதுபோல் தெரியும்.

கேள்வி: லேப்டாப்பிலிருந்து பக்கத்துத் திரைக்கு ஒரு சாளரத்தை இழுத்தால் அதன் உருவம் திடீரென மாறுகிறது. தவிர்க்க முடியுமா?

பதில்: இரண்டு திரைகளின் அடர்த்தியும் வேறு என்பதால் விண்டோஸ் 8.1 முதல் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி ஸ்கேலிங் வைக்க முடிகிறது. எல்லையைக் கடக்கும்போது அது மாறுவதையே காண்கிறீர்கள். அடர்த்தியை ஸ்கேலிங்கால் வகுத்து வரும் எண் இரு திரைக்கும் அருகருகே இருந்தால் மாற்றம் உறுத்தாது. லேப்டாப் 141, ஸ்கேலிங் 150 விழுக்காடு, அதாவது 1.5 என்றால் 94. பக்கத்தில் 92 அடர்த்தியுள்ள 24 அங்குலத் திரை 100 விழுக்காட்டில் இருந்தால் இரண்டும் இயல்பாகப் பொருந்தும்.

கேள்வி: 14 அங்குல லேப்டாப் ஒன்றை 1920×1200, 2880×1800 என்று இரண்டு வகைத் திரையுடன் தருகிறார்கள். விலையும் வேறு. பெரும்பாலும் கட்டுரை எழுதவும் இணையத்தில் படிக்கவுமே பயன்படுத்துவேன். மின்வசதி இல்லாத இடங்களுக்கும் கொண்டு செல்வேன். எதை வாங்குவது?

பதில்: முதல் வகையின் அடர்த்தி 162, இரண்டாவதன் அடர்த்தி 243. முன்பு சொன்ன கணக்கின்படி முதல் வகையில் பிக்சல் 54 சென்டிமீட்டரில் மறையத் தொடங்குகிறது. மடியில் வைத்துப் படிக்கும் தூரத்துக்கு அது மிக அருகில் வந்துவிட்டது. இரண்டாவது 36 சென்டிமீட்டரிலேயே மறைகிறது. அவ்வளவு அருகில் வைத்து யாரும் நெடுநேரம் தட்டச்சு செய்வதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியும். இரண்டாவது சற்று அச்சுபோல் இருக்கும். தனியாக ஒன்றை மட்டும் ஒரு வாரம் பயன்படுத்தினால் எது என்று மறந்துவிடும் என்றே நினைக்கிறேன்.

கூடுதல் பிக்சல்களுக்கு மின்கலமும் விலை கொடுக்கிறது. எல்சிடியில் ஒவ்வொரு பிக்சலைச் சுற்றியும் ஒளியை மறைக்கும் சுற்றமைப்பு உண்டு. பிக்சல்கள் நெருங்க நெருங்க ஒளி கடந்துவரும் துளை சிறுக்கிறது, அதே வெளிச்சம் தரப் பின்விளக்கு கூடுதலாக எரிய வேண்டியிருக்கிறது. வரைகலைச் செயலியும் இரண்டேகால் மடங்கு பிக்சல்களை வரைய வேண்டும்.

உங்கள் பயன்பாட்டுக்கு 1920×1200 போதும். அதில் 125 விழுக்காடு ஸ்கேலிங் வைத்தால் எழுத்து சற்றுச் சிறிதாக இருக்கும், 150 வைத்தால் செளகரியமாக இருக்கும். மிச்சமாகும் பணத்தில் திரையின் வெளிச்ச அளவைப் பாருங்கள். அது நிட் என்னும் அலகில் குறிக்கப்பட்டிருக்கும். வெளியிடங்களில் வேலை செய்பவருக்கு 250 நிட் திரைக்கும் 400 நிட் திரைக்கும் உள்ள வேறுபாடு, 162-க்கும் 243-க்கும் உள்ள வேறுபாட்டைவிட முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.